பிரஷர் வாஷரில் ஆட்டுத்தோல் ஜவ்வு எடுப்பது: கடலூர் வெயிலுக்கு ஏற்ற முறை

செத்த விலங்கின் தோலை முடியோடு பதப்படுத்தி உருவமாக நிறுத்துவதைத்தான் ‘பாடம் செய்வது’ என்கிறோம். அந்த வேலையில் நேரத்தையும் பொறுமையையும் அதிகம் தின்பது ஜவ்வு எடுக்கும் கட்டம்தான். உரித்த தோலின் உட்புறத்தில் சதைத் துணுக்குகள், கொழுப்பு, அவற்றையெல்லாம் போர்த்திக்கொண்டு பளபளவென்று ஒரு ஜவ்வு. இது போகாமல் உப்பு உள்ளே இறங்காது. உப்பு இறங்காத இடம் முதலில் வழவழக்கும், பிறகு நாறும், கடைசியில் முடி கொத்தாகக் கையோடு வரும். வளைகத்தி பிடித்துப் பழகிய கைக்கு ஒரு வெள்ளாட்டுத் தோல் பெரிய விஷயமில்லை. அந்தப் பழக்கம் வருவதற்குள் நாலைந்து தோலாவது கிழியும். பிரஷர் வாஷர் அந்த இடத்தில் உதவும். ஆனால் பைக் கழுவுகிற மாதிரி நேராக நின்று அடித்தால் கத்தியைவிட வேகமாகத் தோலைப் பாழாக்கும்.

முதலில் எந்தத் தோல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது வெள்ளாட்டுக்கும், ஓரளவு செம்மறிக்கும். மான், நரி, கீரி, காட்டுமுயல் என்று எதுவும் கையில் வந்தாலும் வேலையைத் தொடங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவற்றின் தோலை வைத்திருப்பதே குற்றம், ‘தானாகச் செத்துக் கிடந்தது’ என்பது அங்கே செல்லாது. மைசூரில் 1999 வரை நடந்த வான் இங்கன் பட்டறையின் புலித்தலைகளைப் படத்தில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆட்டுக்கடாவின் தலையும் கொம்பும் சரியாகப் பாடம் செய்தால் அதுவே அழகுதான்.

தண்ணீர் எப்படி ஜவ்வை எடுக்கிறது என்பது புரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. தோலின் உடம்பு, அதாவது பதனிட்ட பிறகு மிஞ்சும் பகுதி, கொலாஜன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிப் பின்னிய அடுக்கு. அதற்குக் கீழே இருப்பது தளர்வான நார்கள், இடையிடையே கொழுப்பு, ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்கவைக்கும் மெல்லிய தசைத்தாள். நெருக்கமான அடுக்குக்கும் தளர்ந்த அடுக்குக்கும் நடுவில் ஒரு பலவீனமான எல்லை உண்டு. நீர்த்தாரை சாய்வாக வந்து அந்த எல்லைக்குள் புகுந்தால் தளர்ந்த அடுக்கு முழுசாகத் தூக்கிக்கொண்டு வரும். நேராக வந்தால் எல்லையைத் தேடாது, தோலையே துளைக்கும். நுங்கின் தோலை எடுப்பது இப்படித்தான்: நடுவில் நகத்தால் குத்தினால் நீர் கொட்டிவிடும், ஓரத்தில் ஒரு நுனி பிடித்துவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆக இந்த வேலையில் முக்கியம் கோணமும் ஓரமும். அழுத்தம் மூன்றாவதுதான்.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்கு விற்கும் மின்சார பிரஷர் வாஷரே ஆட்டுத்தோலுக்குப் போதும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச அழுத்தம். மெஷினின் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் வேலை அழுத்தத்தைப் பாருங்கள். அது 90 முதல் 110 பார் வரை (1,300 முதல் 1,600 பி.எஸ்.ஐ.), தண்ணீர் நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் என்று இருந்தால் சரி. 100 பார் அழுத்தத்தில் முனையை விட்டு வெளியேறும் தண்ணீரின் வேகம் நொடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். வெள்ளாட்டுத் தோலின் அடிவயிற்றுப் பகுதிக்கு இதுவே அதிகம். 200 பார் பெட்ரோல் மெஷின் மாட்டுத்தோலுக்கு ஆகும், ஆட்டுத்தோலுக்கு வேண்டாம். வாட்டர் சர்வீஸ் கடைகளில் பெல்ட் போட்டு ஓடும் பம்ப்செட்டைக் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும். அதில் தண்ணீர் ஏராளம், அழுத்தம் குறைவு. சாணியும் மண்ணும் கழுவ நல்லது, ஜவ்வு அசையாது.

தாரையின் விரிவைத் திருகி மாற்றும் ஒற்றை முனையைவிட, கழற்றி மாட்டும் வண்ண முனைகளை வாங்குங்கள். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. இதன் கணக்கு எளிது. முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் மஞ்சளின் தாரை 2.6 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும், பச்சை 4.4, வெள்ளை 7.3. அதே தண்ணீர், அதே வேகம், ஆனால் விரிய விரிய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் விழும் அடி குறைகிறது. முனை வாங்கும்போது நிறத்தோடு துளை எண்ணையும் பாருங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் 100 பார் மெஷினுக்கு 025 பொருந்தும். பெட்ரோல் மெஷினோடு வரும் 040 முனையை இதில் மாட்டினால் துளை பெரிதாகி அழுத்தம் விழுந்துவிடும், மெஷின் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்.

சிவப்பு முனையை டப்பாவிலேயே வைத்துவிடுங்கள். டர்போ முனை என்று சுழலும் ஒன்று உண்டு. அதற்குள் இருப்பதும் 0 டிகிரித் தாரைதான், வேகமாக வட்டமடிப்பதால் ஓரிடத்தில் நிற்பதில்லை, அவ்வளவே. வெளிநாட்டில் தடித்த தோல் வேலைக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். கடாவின் கழுத்தில், முதுகுத்தண்டு மேல், 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் நன்றாகவே வேலை செய்யும். வயிற்றுப் பக்கம் அதைத் திருப்பினால் ஒரு நொடியில் விரல் நுழையும் ஓட்டை. பழகும் வரை மஞ்சள், பச்சை இரண்டே போதும்.

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் மணலுமாக வரும். உப்பால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. மணல்தான் பம்பின் வால்வையும் முனையின் துளையையும் அரிக்கும். மெஷினின் நுழைவாயில் ஃபில்டரை மட்டும் நம்பாமல், டிரம்மில் தண்ணீரைப் பிடித்து ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடியிலிருந்து ஒரு சாண் மேலே குழாயைப் போட்டு இழுங்கள். ஒரு வெள்ளாட்டுத் தோலுக்கு 100 முதல் 150 லிட்டர் ஆகும் என்று கணக்கு வைத்து 200 லிட்டர் டிரம் ஒன்றை நிரப்பிக்கொண்டால் நடுவில் தடையில்லை. டிரம்மிலிருந்து தானாக இழுக்கும் வசதி எல்லா மெஷினிலும் கிடையாது. இல்லையென்றால் டிரம்மை ஒரு மேடையில் ஏற்றி வையுங்கள்.

மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மதியத்தில் பயன்படுத்தவே கூடாது. கத்திரி வெயிலில் கறுப்பு டேங்க்குக்குள் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். பெரும்பாலான மெஷின்களுக்கு உள்ளே போகும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மெஷினைவிடப் பெரிய கவலை தோல். வெதுவெதுப்பில் நனைந்த பச்சைத்தோல் என்பது பாக்டீரியாவுக்கு வைத்த விருந்து. இந்த வேலைக்கு நேரம் விடியற்காலை. ஐந்தரைக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் உப்புப் போட்டுவிடலாம். முந்தின இரவே டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் அப்போது குளிர்ந்திருக்கும்.

மின்சாரம்: 1,800 வாட் மெஷின் 8 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் இல்லாமல் ஈரத்தரையில் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மோட்டார் திணறும், அழுத்தம் ஏறி இறங்கும், நீங்கள் கோணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதில் அக்கறை காட்டுகிறவர்கள் குறைவு. ஓட்டைகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. தோலுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தால் அந்த இடத்தில் தோல் தாரையை நோக்கித் துருத்தும், தாரை அந்த மேட்டைச் சீவிவிடும். இங்கே எளிதில் கிடைக்கும் சவுக்குக் கட்டை இதற்கு உதவாது. கணுவும் சொரசொரப்பும் உள்ள எதுவும் உதவாது. 200 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், ஐந்தடி நீளம், உள்ளே மணல் நிரப்பி இருபுறமும் மூடி, ஒரு முனை இடுப்புக்குச் சற்று மேலே, மறுமுனை தரையில், சாய்வாகக் கட்டுங்கள். தோலை அதன் மேல் குதிரைச் சேணமாகப் போட்டுத் திருப்பித் திருப்பி வேலை செய்யலாம். முழுத்தோலையும் விரித்துப் பார்க்க வேண்டும் என்றால் மரைன் பிளைவுட் பலகை, 60 டிகிரி சாய்வில். ஆணி அடிக்காதீர்கள். ஆணித்துளையில் தாரை பட்டால் துளை கிழிசலாக நீளும், கிழிசல் நெஞ்சுப் பக்கம் ஓடினால் பாடத்தில் தெரியும். கழுத்து விளிம்பை ஒரு மரச்சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து இரண்டு ஜி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கீழ்ப்பக்கம் தொங்கட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டிய தோல் சீக்கிரம் துளைபடும், கொஞ்சம் தளர்வாக இருந்தால் அடியை வாங்கிக்கொள்ளும்.

அடுத்தது முடிப்பக்கம். சாணிக் கட்டி, உண்ணி, நெருஞ்சிமுள், ஆட்டுத்தொட்டியில் இழுத்ததால் ஒட்டிய மணல், ரத்தக்கட்டி எல்லாம் தோலுக்கும் குழாய்க்கும் நடுவில் மேடாக நிற்கும். ஜவ்வைத் தொடுவதற்கு முன் முடிப்பக்கத்தை மேலே திருப்பி, வெள்ளை முனையில், 40 சென்டிமீட்டர் தள்ளி, முடி படிந்திருக்கும் போக்கில் கழுவுங்கள். எதிர்ப்போக்கில் அடித்தால் வேர் தளரும். பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, உறுத்துகிற ஒவ்வொன்றையும் கையால் எடுங்கள். பக்ரீத் சமயத்தில் தோல்கள் குவியலாகக் கிடந்து வருவதால் இந்த வேலை இரட்டிப்பாகும். அந்தக் குவியலின் நடுவில் இருந்த தோல் சூடேறிப் போயிருக்கும். முடியை இரண்டு விரலால் இலேசாக இழுத்தாலே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பாடத்துக்கு ஆகாது. எந்த மெஷினும் அதைக் காப்பாற்றாது, தாரை பட்டால் மீதி முடியும் தண்ணீரோடு போகும்.

இனி உட்புறம். விரல் தடிப்புக்கு மேல் நிற்கும் சதையையும் கொழுப்புக் கட்டியையும் முதலில் கத்தியால் எடுத்துவிடுங்கள். தாரைக்குச் சதையை அறுக்கத் தெரியாது. தடித்த சதை மேல் அடித்தால் அது நார்நாராக நைந்து நிற்கும், நீங்கள் பொறுமை இழந்து கிட்டே கொண்டுபோவீர்கள், அடுத்த நொடி ஓட்டை. அதே நேரத்தில் கசாப்புக் கத்தி பட்ட கோடுகளையும் தேடுங்கள். உரிக்கும்போது கத்திநுனி தோலின் பாதி ஆழம் வரை கீறிய கோடுகள் ஈரத்தில் மூடிக்கொண்டு கண்ணில் படாது. தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். அந்த இடங்களில் மெஷின் வேண்டாம், கையால் பாருங்கள்.

பச்சை முனையில் 30 சென்டிமீட்டர் தள்ளி ஒருமுறை முழுக்க நனைத்துவிட்டு மஞ்சளுக்கு மாறுங்கள். தூரம் 10 சென்டிமீட்டர், தோலுக்கும் தாரைக்கும் இடையே கோணம் 30 டிகிரி. விசிறியின் அகலப்பக்கம் நகரும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். கழுத்தடியில் முதுகுக்கோட்டின் மேல் தொடங்குங்கள், அங்கேதான் தோல் தடிமன். கத்தியால் ஜவ்வில் மட்டும் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு கீறல் போட்டு அதன் உதட்டுக்குள் தாரையைச் செலுத்தினால் ஜவ்வு வெள்ளையாக உப்பித் தூக்கும். அந்த ஓரத்தைத் தள்ளிக்கொண்டே முதுகிலிருந்து விலாவை நோக்கி, விலாவிலிருந்து விளிம்பை நோக்கிப் போங்கள். கை எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். ஓரிடத்தில் ஜவ்வு வரவில்லையென்றால் அங்கேயே நின்று வாதாடாமல், நகர்ந்து வேறு பக்கத்திலிருந்து அந்த இடத்துக்கு வாருங்கள். நார்களுக்கு ஒரு போக்கு உண்டு. ஒரு திசையில் அடம்பிடிப்பது குறுக்கே வந்தால் சுலபமாகக் கழலும்.

சில இடங்களில் ஜவ்வு கிழியாமல் உள்ளே தண்ணீர் தேங்கிப் பலூனாக உப்பும். அதன் மேல் அடித்துக்கொண்டே இருந்தால் பயனில்லை, பலூன் அடியை வாங்கிக்கொள்ளும். கத்திநுனியால் ஒரு கீறல் போட்டுத் தண்ணீரை வடித்து, அந்தக் கீறலைப் புது ஓரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரிந்து தொங்கும் ஜவ்வை அவ்வப்போது கையால் இழுத்து அறுத்துப் போட வேண்டும். தொங்குவது தாரையின் குறுக்கே படபடத்தால் நீங்கள் எதை அடிக்கிறீர்கள் என்பதே தெரியாது.

அடிவயிறு, அக்குள், தொடை இடுக்கு இந்த மூன்று இடங்களுக்கும் பச்சை முனை, 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம். இங்கே ஜவ்வு முழுதாக வராது, வர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். மிச்சத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம். விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒருபோதும் அடிக்காதீர்கள், விளிம்பு மடங்கித் தாரைக்கு நேராக நின்று கிழியும். வாலில் எலும்பை உருவிவிட்டு அடிப்பக்கம் நுனிவரை கீறித் திறந்தால்தான் உப்பு இறங்கும்.

முகம், காது, உதடு, மூக்கு, கண்ணிமை எதிலும் மெஷினைக் காட்டாதீர்கள். பாடம் செய்த ஆட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. காதின் பின்தோலைக் குருத்தெலும்பிலிருந்து விரலாலும் மழுங்கிய கருவியாலும் பிரித்து நுனிவரை புரட்ட வேண்டும். உதட்டை உள்ளிருந்து இரண்டாகப் பிளந்து, கண்ணிமை விளிம்பின் சதையைச் சர்ஜிக்கல் பிளேடால் மெல்லச் சீவ வேண்டும். இமை கிழிந்தால் பிறகு எவ்வளவு ஒட்டினாலும் முகம் வேறு மாதிரி பார்க்கும். மெஷின் மிச்சப்படுத்திய நேரத்தை இங்கே செலவழியுங்கள். நேரம் இழுக்கும் என்று தோன்றினால் உடல் தோலை முதலில் முடித்து, தலைப்பகுதியை ஐஸ் வைத்த ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு செய்யலாம்.

செம்மறி பற்றி ஓர் எச்சரிக்கை. செம்மறித் தோலுக்குள்ளேயே முடிவேர் இருக்கும் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவில் கொழுப்பு படிந்து பிடிப்பு குறைவாக இருக்கும். தாரை ஒரு வெட்டுவாய் வழியாக அந்த நடுவில் புகுந்தால் தோல் இரண்டு தாளாகப் பிரிந்துவிடும், பிறகு அதை ஒட்டவைக்க வழியில்லை. கம்பளி அதிகமுள்ள ஆட்டில் இது மோசம். மேச்சேரி மாதிரி முடி குறைந்த நம்மூர் இனங்களின் தோல் இறுக்கமானது, அதனால்தான் தோல் வியாபாரத்தில் அதற்கு நல்ல பெயர். அதிலும் பச்சை முனையைத் தாண்டாதீர்கள். வளர்ப்பு முயல் தோல் காகித மெலிவு, அதன் ஜவ்வைக் கையால் இழுத்தாலே வந்துவிடும், மெஷினுக்கு அங்கே வேலையே இல்லை.

வேலை முடிந்ததா என்று கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். ஜவ்வு போன தோல் நீலம் கலந்த வெள்ளையாக, மங்கலாக, தடவினால் இலேசான சொரசொரப்போடு இருக்கும். வழுக்கிப் பளபளக்கும் தீவுகள் எல்லாம் மிச்ச ஜவ்வு. இதற்கு மேல் போக ஆசைப்படாதீர்கள். இன்னும் சீவினால் முடியின் வேர் உட்புறத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். அது தெரிந்துவிட்டால் பதனிட்ட பிறகு அந்த இடத்தில் முடி நிற்காது.

தாரை கொழுப்பைத் தூளாக்கி முடிக்குள் அனுப்பியிருக்கும். 10 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 20 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து முடிப்பக்கம் நன்றாகப் பிசைந்து அலசுங்கள், பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர். முறுக்கிப் பிழியாமல் குழாய் மேலேயே போட்டு, நிழலில், முடியைக் கையால் வழித்து அரைமணி நேரம் வடியவிடுங்கள். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கத்தியால் ஜவ்வெடுத்த தோல் ஓரளவு காய்ந்திருக்கும். மெஷினில் எடுத்த தோல் தண்ணீரைக் குடித்து ஊறியிருக்கும். ரத்த உப்புகூட கழுவிப் போயிருக்கும், கெடுவதற்கு அதைவிட நல்ல நிலை வேறில்லை. வெயில் காலத்தில் உரித்த நிமிடத்திலிருந்து உப்புப் போடும் நிமிடம் வரை மொத்தம் 4 மணி நேரம் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று தெரிந்தால் தோலைக் கழுவாமல் சுருட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு இன்னொரு நாள் குளிர்ந்த தண்ணீரில் உருக்கிச் செய்யுங்கள். அவசரத்துக்கு ஜவ்வோடு உப்புப் போட்டு வைத்த தோலில் ஜவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கலந்த குளிர்நீரில் பழையபடி துவளும் வரை ஊறவைத்த பிறகே தாரை எடுபடும். பச்சைத்தோலில் வருகிற மாதிரி அப்போதும் வராது.

உப்பின் அளவுக்குத் தோலை நனைப்பதற்கு முன்பே எடை போட்டு வைத்துக்கொள்ளுங்கள், நனைந்த பிறகு எடை பொய் சொல்லும். 2 கிலோ தோலுக்கு 2 கிலோ உப்பு. மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அப்படியே தூவினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தோல் உப்பில்லாமல் நிற்கும். ரவைப் பதத்துக்கு அரைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் விளைந்த உப்பில் உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, அவை தோலில் சிவப்புத் திட்டுகளை உண்டாக்கும். கிலோ உப்புக்கு 20 கிராம் போரிக் பவுடர் கலந்தால் அவை அடங்கும். கேரம் விளையாடுகிறவர்கள் வாங்கும் அதே போரிக் பவுடர்தான். சாய்ந்த பலகையில் முடிப்பக்கம் கீழே இருக்க, மடிப்பு எங்கும் இல்லாமல், விளிம்பு, கால், காது வரை தேய்த்து ஏற்றுங்கள். 24 மணி நேரத்தில் தோல் நிறைய தண்ணீரைக் கக்கியிருக்கும். நனைந்த உப்பை உதறிவிட்டு ஒரு கிலோ புது உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் உப்பு காயாமல் கசிந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் உப்பை மூன்றாம் முறை மாற்றி ஃபேன் காற்றில் வையுங்கள், வெளியில் காயப்போட்டுப் பயனில்லை.

உப்புக்கு அடுத்தது அமிலத்தில் ஊறவைக்கும் கட்டம். அதில், லிட்டருக்கு 100 கிராம் உப்பு, 20 கிராம் சிட்ரிக் அமிலம், மூன்று நாள். உப்பைக் குறைத்தால் தோல் ஊதிக் கெடும். அமிலத்தின் அளவைக் காட்டும் பி.எச். தாள் 2-க்கு அருகில் காட்ட வேண்டும், 2.5-க்கு மேல் ஏறினால் சிட்ரிக் சேருங்கள். மூன்றாம் நாள் விட்டுப்போன ஜவ்வெல்லாம் வெள்ளையாக உப்பி எழுந்து நிற்கும். இப்போது ஒருமுறை மெஷினில் அடித்தால் என்ன என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். அமிலச் சாரல் கண்ணிலும் மூச்சிலும் போகும், மெஷினின் உலோகத்தையும் தின்னும். அங்கே கத்திதான்.

நோய் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தி வேலையில் இல்லாத ஆபத்து இதில் உண்டு: தாரை தோலில் இருப்பதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத சாரலாகக் காற்றில் எழுப்புகிறது. ஆட்டிலிருந்து மனிதனுக்கு வரும் புரூசெல்லா என்ற நோய்க்கிருமி மூச்சு வழியாகவும் வரும். என்-95 முகமூடி, முகத்தை மூடும் ஷீல்டு, ரப்பர் ஏப்ரன், கம்பூட், நீளக் கையுறை எல்லாமே அவசியம். திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்த ஆடு என்றால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அதை உரிக்கவே கூடாது, கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். கடையில் அறுத்த, ஆரோக்கியமான ஆட்டின் தோலையே எடுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நில்லுங்கள். பக்கத்து மொட்டைமாடியில் வடகம் காய்கிற சித்திரை, வைகாசியில் இதை மறந்தால் தெருவே உங்களோடு பேசாது.

இன்னொன்று, தாரை கையில் பட்டால். ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் அழுக்குத் தண்ணீரும் கொழுப்பும் தோலுக்கு அடியில் தசைநாண் வரை பாய்ந்திருக்கும். வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் விரலை இழக்க நேரிடும். ஜிப்மர் போன்று அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், ‘பிரஷர் வாஷர் தண்ணீர் உள்ளே போய்விட்டது’ என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். தோலைப் பிடித்திருக்கும் கை எப்போதும் முனைக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும்.

ட்ரிக்கரை விட்டுவிட்டு மெஷினை ஓடவிடாதீர்கள். தானாக நிற்கும் வசதியில்லாத மெஷினில் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகிச் சீல் போய்விடும். வேலை முடிந்ததும் சுத்தத் தண்ணீரில் இரண்டு நிமிடம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, ட்ரிக்கரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை இறக்குங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் கடற்காற்றோடு சேர்ந்து சீக்கிரம் துருப்பிடிக்கும். குழாய், பலகை, தரை எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவலாம். அதை மெஷினுக்குள் மட்டும் விடாதீர்கள்.

கழிவு நீர் ஓடும் வழியில் கொசுவலையை நாலாக மடித்துக் கட்டினால் ஜவ்வும் கொழுப்பும் அதில் நிற்கும், சாக்கடை அடைக்காது. வலையில் சேர்ந்ததை இரண்டடிக் குழியில் போட்டு மேலே ஒரு கை சுண்ணாம்பு தூவி மூடுங்கள், அதன் மேல் ஒரு கல்லும் வையுங்கள். கல் இல்லையென்றால் இரவே நாய் தோண்டிவிடும், காலையில் காக்கை அதைத் தெருமுழுக்கப் பரிமாறிவிடும். உப்பு உதறிய தண்ணீரை வாழை, கறிவேப்பிலை, காய்கறிப் பாத்தி எதன் பக்கமும் விடாதீர்கள். தென்னை ஓரளவு தாங்கும், அதற்கும் வேரடியில் தொடர்ந்து ஊற்றக் கூடாது.